உங்களுக்குத் தெரியுமா? – சீனக்குடா விமானத்தளம்

திருகோணமலைக்குப் போகும் புகையிரதம் நகரைத் தொடுமுன் சீனக்குடாவில் நிற்கும். அந்த ஊரின் ஓடுபாதைக்குப் பெரிய வரலாறு உண்டு.

✦ 1942 ஏப்ரல் 9 காலை. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஏறத்தாழ 130 யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எதிர்த்துப் பறந்தவை பிரித்தானிய விமானப்படை 261ஆம் பிரிவின் ஹரிகேன்கள். அவற்றுள் எட்டு பறிபோயின.

✦ அன்று தீப்பிடித்த எண்ணெய்க் குதம் ஒன்று ஒரு வாரம் எரிந்ததாகச் சொல்வார்கள். அனலில் இளகி மடிந்த அதன் தடித்த இரும்புத் தகடுகள் பின்னர் பற்றைக்குள் அப்படியே கிடந்தன.

✦ முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு விலகிய பிரித்தானியரின் 'ஹேர்மஸ்' விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்றிருந்த அது, மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர்.

✦ இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவின் ராட்சத பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்காகச் சீனக்குடா ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. 1944 ஆகஸ்ட் 10 மாலை 54 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கி எழும்பின. இலக்கை எட்டியவை 39. போய்வர 6,000 கிலோமீற்றருக்கும் மேல். ஏறத்தாழ 19 மணி நேரம். இரண்டாம் உலகப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் இதுவும் ஒன்று. அதன்பின் பி-29கள் தாக்குதலுக்காக இங்கிருந்து கிளம்பவேயில்லை.

✦ எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமராக இருந்த 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்தனர். இன்று சீனக்குடாவில் இருப்பது இலங்கை விமானப்படையின் கல்விப்பீடம். நாட்டின் இளம் விமானிகள் பறக்கப் பழகுவது இங்கேதான்.

✦ பொதுமக்களுக்கும் இந்த ஓடுபாதை திறந்தது. உள்நாட்டுச் சேவையின் சிறிய செஸ்னா விமானங்கள் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கு வரும் பயணிகளை இங்கே இறக்கியிருக்கின்றன. விமானப் பயண உலகில் இந்நிலையத்தின் குறியீடு டி.ஆர்.ஆர்.

✦ அந்த உலகப் போரில் மாண்ட நேசநாட்டுப் படையினர் பலர் நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். கற்களில் அவர்கள் பெயரும் வயதும் இருக்கின்றன.

விமானங்களின் கணக்கைப் படை ஆவணங்கள் காத்து வைத்திருக்கின்றன. குண்டு விழுந்த நாளில் ஊர்மக்கள் பட்ட பாட்டையோ குடும்பங்கள்தாம் காக்க வேண்டும். உங்கள் பாட்டனோ பாட்டியோ அந்த ஏப்ரல் காலையைப் பற்றிச் சொன்னது நினைவிருந்தால், இன்றே எழுதிவையுங்கள்.