கடை வாசலும் எமது முகந்தான்

ஊரில் விடிந்ததும் முதல் வேலை முற்றம் கூட்டுவது. கடை வைத்திருந்தவர்களும் அப்படித்தான். பூட்டைத் திறந்து, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்த பின்னரே முதல் வியாபாரம். இங்கு வந்த பின் அந்தப் பழக்கம் எம்மை விட்டுப் போய்விட்டது. குளிர், நேரமின்மை, இரவு வேலை என்று காரணங்கள் பல. அதனால் வந்த நட்டத்தையும் நாம் பட்டே அறிந்தோம். கடை தொடங்க எண்ணியிருக்கும் புதிய குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகின்றோம்.

நாம் மூன்று குடும்பத்தினர், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். சீட்டுக் காசைச் சேர்த்துக் கிங்ஸ்பரியில் சிறிய பலசரக்குக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இருந்த பணமெல்லாம் தட்டுகளுக்கும் குளிர்பெட்டிக்கும் போய்விட்டது. வாசலைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. ஷட்டரில் பெயின்ற் உரிந்து கிடந்தது. ஒரு பக்கம் வெறும் பெட்டிகள், மறு பக்கம் மரக்கறிப் பெட்டிகள், நடுவில் விலைப்பலகை. சுவரோரம் வெற்றிலைத் துப்பல். பின்வளவில் எண்ணெய் ரின்களும் மட்டைப் பெட்டிகளும் ஆளுயரத்துக்கு.

ஆறு மாதமாகியும் வியாபாரம் வாடகைக்கே காணாது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர், "தம்பி, உங்கட சாமான் நல்லதுதான். ஆனா வாசலைத் தாண்டி உள்ளுக்கு வாறதுதான் பெரும்பாடு" என்றார். அதே கிழமை, வெள்ளைத்தடியுடன் வந்த பார்வையற்ற வெள்ளைக்கார முதியவர் எமது விலைப்பலகையில் இடறினார். கதவைப் பிடித்ததால் விழாமல் தப்பினார். அவர் எம்மை ஏசவில்லை. "நேற்று இது இங்கே இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் கூட எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு மூன்று குடும்பமும் கூடிப் பேசினோம். கையில் மிஞ்சியிருந்தது நூறு பவுண்.

முதலில் துப்புரவு

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்தோம். ஒரு ஞாயிறு முழுவதும் பின்வளவை ஒதுக்கினோம். பின்கதவுப் படியில் பாசி பிடித்து வழுக்கியது. சுடுநீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து போயிற்று. ஒன்றை மறக்க வேண்டாம். பிளீச்சையும் அமிலம் கலந்த கழுவு திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றக்கூடாது. நச்சு வாயு எழும். பொரித்த எண்ணெயைக் கானில் ஊற்றவும் கூடாது. வெளியே உள்ள மழைநீர்க் கான் பல இடங்களில் நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போகின்றது.

கடைக் கழிவை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவதும் சட்டப்படி குற்றம். 1990 ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி, கழிவைப் பதிவு பெற்ற ஒருவரிடமே ஒப்படைத்து, அதற்கான பத்திரத்தை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். வான் கொண்டுவந்து மலிவாக ஏற்றிப் போகிறேன் என்பவரிடம் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அவர் தெருவில் கொட்டினால் விசாரணை உங்கள் வாசலுக்கே வரும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் உணவுக் கழிவையும் மீள்பயன் பொருட்களையும் வேறாக்கிக் கொடுப்பதற்கு 2027 மார்ச் 31 வரை தவணை உண்டு. இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

முற்றம் யாருடையது?

கடைக்கு முன்னால் உள்ள நிலம் எமது வாடகைக்குள் அடங்கியது, ஆகவே எதையும் வைக்கலாம் என்று எண்ணியிருந்தோம். அது தவறு. 1990 ஆம் ஆண்டின் லண்டன் உள்ளூராட்சிச் சபைகள் சட்டத்தில், தெருவிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ 7 மீற்றருக்குள், நிரந்தரமாக அடைக்கப்படாமல், மக்கள் காசு கொடுக்காமல் வந்து போகக்கூடிய இடமும் "தெரு" என்றே கொள்ளப்படுகின்றது. அங்கே மரக்கறி வைத்து விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும்.

தேநீர்க்கடை, சாப்பாட்டுக்கடை வைத்திருப்போர் நடைபாதையில் மேசை கதிரை போடுவதற்கு வேறு அனுமதி உண்டு. 2020 இல் தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாடு 2024 மார்ச் 31 முதல் இங்கிலாந்தில் நிரந்தரமாயிற்று. கட்டணம் முதல்முறை 500 பவுணுக்கும், புதுப்பிக்கும்போது 350 பவுணுக்கும் மேற்படக்கூடாது. சக்கர நாற்காலியும் பிள்ளை வண்டியும் போவதற்கு ஒன்றரை மீற்றராவது வழி விடுங்கள். விளக்குப் பலகை, புதிய ஷட்டர், கூரைத்துணி போன்றவற்றை மாட்டுமுன் கவுன்சிலின் திட்டமிடல் பகுதியையும் கடைச் சொந்தக்காரரையும் கேட்டுவிடுங்கள்.

நாம் விலைப்பலகையை எடுத்துவிட்டோம். விலைகளைக் கண்ணாடிக்கு உட்புறம் எழுதினோம். வாசலில் இருந்த பெட்டிகளையெல்லாம் உள்ளே கொண்டுபோனோம். கடை சிறுத்துப்போனது போல இருந்தது. ஆனால் வாசல் அகன்றது.

செலவுக் கணக்கு

ஷட்டருக்கும் கதவுக்கும் பெயின்ற் இரண்டு ரின் 32 பவுண். தூரிகை 6. பூச்சாடி மண் மூன்று மூட்டை 18. லவண்டர் நான்கு செடி 16. வாசலுக்கு எல்ஈடி மின்குமிழ் 9. சலவைச் சோடா 3. மொத்தம் 84 பவுண்.

சாடிகளுக்குக் காசு போகவில்லை. வெறும் எண்ணெய் ரின்களைக் கழுவி, கூர் விளிம்பை மடித்துத் தட்டி, அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, மிஞ்சிய பெயின்றைப் பூசினோம். ஓட்டை போடாவிட்டால் மழைநீர் தேங்கி வேர் அழுகும். சாடிகளை எமது சுவரோரத்திலேயே வைத்தோம். பொது நடைபாதையில் சாடி வைக்கவும் அனுமதி தேவை.

எந்தச் செடி, எப்போது?

செவ்வரத்தையும் கறிவேப்பிலையும் இங்கே வெளியில் மாரிகாலத்தைத் தாங்கா. வெயில் படும் வாசலுக்கு லவண்டர், றோஸ்மேரி நல்லவை. பல வருடம் நிற்கும், அதிகம் தண்ணீர் கேளா. நிழல் வாசலுக்கு ஐவியும் பன்னமும் பொருந்தும். டவடில் கிழங்கைச் செப்ரெம்பர், ஒக்ரோபரில் ஊன்றினால் இளவேனிலில் பூக்கும். ஜெரேனியம் போன்ற கோடைப் பூக்களை மே நடுப்பகுதிக்கு முன் வெளியே வைக்க வேண்டாம். உறைபனியில் கருகிவிடும். மழை பெய்தாலும் சாடி மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். சுவரோரச் சாடிக்கு மழை சேராமல் போவதுண்டு.

நேரில் பார்த்துப் பழக விரும்புவோர் றோ கிறீன் பூங்காவிலுள்ள மதில் சூழ்ந்த தோட்டத்துக்குப் போகலாம். தொண்டர்கள் பாடுபட்டு வளர்த்த தோட்டம் அது. பக்கத்தில் உள்ள றோ கிறீன் கிராமத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கென்று, பிராங்க் பெயின்ஸ் என்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்ட குடியிருப்பு அது. போர்க்காலத்திலும், எங்களைப் போன்ற தொழிலாளரின் வீட்டுக்கும் தோட்டம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பூச்சாடியால்தான் வியாபாரம் கூடியது என்று சொல்லமாட்டோம். விலையையும் திருத்தினோம், நேரத்துக்கும் திறந்தோம். ஆனால் வாசலில் நின்று திரும்பிப் போனவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். பத்து மாதத்தில் வாடகை கடையிலிருந்தே வந்தது. ஒரு லவண்டரை யாரோ இரவில் தூக்கிப்போய்விட்டார்கள். இன்னொன்றிலிருந்து கிளை வெட்டி ஊன்றினோம், பிடித்துவிட்டது.

அந்த முதியவர் இப்போதும் அவ்வழியே போகின்றார். தடியைச் சுவரோரம் தட்டிக்கொண்டு நேராக நடந்து போவார். அவர் வரும் நேரம் எமக்குத் தெரியும். அதற்கு முன்னரே வாசலைக் கூட்டிவிடுகின்றோம்.