ஒரு கம்பியில் இரு பணி



திருப்புலிவனம் போன்ற சிற்றூர்களிலும் இன்று பல வீடுகளின் மாடியில் வானை நோக்கிய டிஷ் ஒன்றைக் காண்கிறோம். அதிலிருந்து இறங்கும் கரிய கம்பி, சுவரைத் துளைத்துக் கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியை அடைகிறது. அத்தகைய வீட்டிற்குத் தெருக் கம்பத்தின் கேபிள் வழியாக இணையமும் வருவதாகக் கொள்வோம். அதற்கென மற்றொரு முறை சுவரை உடைக்க வேண்டுமா? அல்லது இருக்கின்ற ஒரே கம்பியை இரண்டும் பகிர்ந்துகொள்ளுமா? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் வினா.

இதனை வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினா என்று எண்ணிவிடலாகாது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, முந்திய ஆண்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் வாயிலாகப் பாடங் கேட்ட மாணவர் பலர். இணையத்தின் வாயிலாகக் கற்றோரும் பலர். வீட்டுக் கம்பி பழுதுற்றால் அன்றையப் பாடமும் தடைப்பட்டது.

முதலில் கம்பியின் அமைப்பை அறிவோம். நடுவே ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத வெண்மையான உறை. அதன்மேல் உலோகத் தகடும் வலையும். எல்லாவற்றிற்கும் வெளியே கரிய மேலுறை. நடுக்கம்பிக்கும் உலோக வலைக்கும் அச்சு ஒன்றே. ஆதலின் இதனை ஓரச்சு வடம் என்பர். கோஆக்சியல் கேபிள் என்பதும் இதுவே. இத்தகைய அமைப்பிற்கு 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. பின்னர் அமெரிக்காவில் எஸ்பென்ஷீடு, ஆஃபெல் என்னும் இருவர், அகன்ற அலைவரிசைகளை ஒருங்கே கொண்டு செல்லும் வடத்திற்கு 1929இல் காப்புரிமை கோரினர். ஒரே வடத்தில் பல தொலைபேசி உரையாடல்களை அனுப்புவதற்கு அவ்வடம் வழிவகுத்தது. ஆகவே பகிர்ந்துகொள்ளுதல் இக்கம்பிக்குப் புதிதன்று; அதன் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

ஒரே கம்பியில் செல்லும் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடாவோ என்னும் ஐயம் எழலாம். வானொலியை நினைத்துப் பாருங்கள். பல நிலையங்களின் அலைகள் ஒரே நேரத்தில் உங்கள் அறையில் நிறைந்திருக்கின்றன. ஆயினும் முள்ளைத் திருப்பி ஒரு நிலையத்தில் நிறுத்தினால் அந்நிலையம் மட்டுமே ஒலிக்கிறது. ஒவ்வொன்றின் அதிர்வெண்ணும் வேறு என்பதே காரணம். கம்பிக்குள்ளும் இதே நியதிதான்.

கேபிள் தொலைக்காட்சியும் கேபிள் வழி இணையமும் ஏறத்தாழ 5 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இயங்குவது வழக்கம். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையோ பதினோராயிரம் மெகாஹெர்ட்ஸையும் கடந்தது. அவ்வளவு உயர்ந்த அலை இக்கம்பியில் சிறிது தொலைவிலேயே மெலிந்துவிடும். ஆதலால் டிஷ்ஷின் முகத்திலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவி அதனைத் தாழ்த்தி அனுப்புகிறது. சான்றாக, 11,600 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையிலிருந்து 10,600ஐக் கழித்து, 1,000 மெகாஹெர்ட்ஸாக மாற்றுகிறது. இவ்வாறு டிஷ்ஷிலிருந்து இறங்குபவை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அமைகின்றன. இரு பகுதிகளுக்கும் இடையே ஒரு வரப்பு இருப்பதைக் காண்கிறீர்கள். அந்த வரப்பு உள்ளவரை இரண்டும் ஒரே கம்பியில் இனிது செல்லும்.

சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் உரிய கருவி டிப்ளெக்ஸர் எனப்படும். கம்பியின் ஒரு முனையில் அது இரண்டையும் சேர்க்கும். மறுமுனையில் மற்றொன்று, தாழ்ந்த அதிர்வெண்ணை மோடத்திற்கும் உயர்ந்ததைச் செட்டாப் பாக்ஸிற்கும் பிரித்துக் கொடுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்பிளிட்டரை இதன் இடத்தில் வைப்பது தவறு. ஸ்பிளிட்டர் இனம் பிரிப்பதில்லை. வந்ததனைத்தையும் இரு கூறாக்குகிறது. ஒவ்வொரு வாயிலிலும் பாதிக்கும் குறைவான ஆற்றலே எஞ்சும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எல்.என்.பி. இயங்குவதற்கான மின்சாரம் செட்டாப் பாக்ஸிலிருந்து இதே கம்பி வழியாக மேலேறுகிறது; 13 வோல்ட் அல்லது 18 வோல்ட். இம்மின்சாரம் டிஷ் பக்கம் தடையின்றிச் செல்லவேண்டும். மோடத்தின் பக்கமோ தெருக் கேபிளின் பக்கமோ செல்லலாகாது. அதற்கேற்ற டிப்ளெக்ஸரையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கம்பியைக் கழற்றும் முன் செட்டாப் பாக்ஸின் மின்னிணைப்பைத் துண்டிப்பதும் இன்றியமையாதது.

எல்லாவிடத்தும் இப்பகிர்வு இயலுமோ எனின், இயலாது. 1997இல் தோன்றிய டாக்சிஸ் என்னும் முறையே கேபிள் வழி இணையத்தின் அடிப்படை. 2013இல் வெளிவந்த அதன் 3.1ஆம் வடிவம் 1,218 மெகாஹெர்ட்ஸ் வரை செல்ல இடந்தருகிறது. அவ்வளவு உயரத்தைப் பயன்படுத்தும் இடத்தில் வரப்பு அழிந்து, டிஷ்ஷின் பகுதியோடு மோதல் உண்டாகும். வீட்டிற்குள்ளேயே பழைய கேபிள் வழியாக இணையத்தை அறைக்கு அறை அனுப்பும் மோக்கா என்னும் முறை, பெரும்பாலும் 1,125 முதல் 1,675 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இயங்குவது. அதுவும் டிஷ் கம்பியோடு ஒத்துப்போகாது. ஆகவே எந்த அதிர்வெண் என்று கேட்டறிந்த பின்னரே கம்பியில் கைவைக்க வேண்டும். இணையம் கண்ணாடி இழை வழியாக வரும் வீடுகளிலோ, அதற்கென இழை தனியே வருவதால், இந்தச் சிக்கலே எழுவதில்லை.

இறுதியாக ஒன்று. நம் வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணையச் செய்திகள் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த பகுதியில் செல்வது ஒரு வழக்கம். மோட்டார்களின் இரைச்சலும் சிற்றலை வானொலியின் அலைகளும் எளிதில் புகும் பகுதி அது. உங்கள் வீட்டில் ஒரு கனெக்டர் தளர்ந்திருந்தால், அல்லது மழைநீர் புகுந்து உலோக வலை துருவேறியிருந்தால், அவ்விரைச்சல் அங்கே நுழைந்து தெருக் கேபிளை அடையும். பல வீடுகளின் இரைச்சல் ஒன்றுசேர்ந்து, தெரு முழுவதன் இணையத்தையும் கெடுக்கும். குற்றம் ஒரு வீட்டில், துன்பம் அனைவருக்கும்.

நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் ஒன்றைக் குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் காக்க ஊரார் தனி வாரியம் அமைத்தனர். பொது நீரைப் பலர் பகிர்வதற்கு வரம்பும் காவலும் வேண்டுமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கால்வாயின் கரையை ஒருவன் உடைத்தால் கடைமடை காய்ந்துபோகும் அன்றோ? கம்பியின் நிலையும் அதுவே.

ஆகவே கனெக்டரை இறுக்கமாகப் பொருத்துங்கள். வெளிப்புற இணைப்புகளை மழைநீர் புகாதபடி காத்திடுங்கள். கம்பியைக் கூர்மையாக மடிக்காதீர்கள். டிஷ்ஷிற்குத் தகுந்த நில இணைப்புக் கொடுக்கச் செய்யுங்கள். தத்தம் எல்லையில் நின்றால் இரு பணிகள் ஒரு கம்பியில் ஒன்றையொன்று கெடுக்காமல் நடைபெறும். அந்த எல்லையைக் காப்பது கருவியின் கடமை மட்டுமன்று. அதனை அமைக்கும் நம் கைகளின் கடமையுமாகும்.