தெளிந்த நீரும் தூய நீரும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது பிள்ளைகளும் பெரியவர்களும் ஒருங்கே விரும்பும் பொழுதுபோக்காகும். ஆயினும், புதிதாகத் தொட்டி அமைப்போர் பலருக்கு முதல் மாதத்திலேயே ஒரு துயரம் நேர்ந்துவிடுகின்றது. நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்க, மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டு மிதக்கின்றன. பிள்ளைகள் கண்கலங்குகின்றனர். விற்றவர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என்று பெரியவர்கள் குறை கூறுகின்றனர். பெரும்பாலும் குற்றம் மீனிலும் இல்லை, விற்றவரிடத்தும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அமோனியா என்னும் நஞ்சே அங்கு உயிர் குடிக்கின்றது.

இந்நஞ்சு எங்கிருந்து வருகின்றது? மனித உடலில் தோன்றும் நைதரசன் கழிவு யூரியாவாக மாறிச் சிறுநீருடன் வெளியேறுகின்றது. நன்னீர் மீனோ அதனைப் பெரும்பாலும் அமோனியாவாகவே, பூக்கள் எனப்படும் செவுள்களின் வழியாக நீரில் விடுகின்றது. உண்ணாது எஞ்சிய இரையும் அழுகிய இலையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. குளத்திலே நீர் மிகுதி. கழிவை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் சேற்றிலும் கல்லிலும் நிறைந்துள்ளன. புதிய தொட்டியிலோ நீர் சிறிது. அந்நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை.

இவ்வுண்மை படிப்படியாகவே துலங்கியது. 1850ஆம் ஆண்டில், இலண்டன் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன், பொன்மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் எனக் காட்டினார். 1877இல், சிலோசிங், மியூன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலினூடு வடிந்த கழிவுநீரின் அமோனியா நைத்திரேற்றாக மாறுவதைக் கண்டனர். குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆகவே அது உயிர்களின் தொழிலே எனத் தெளிந்தனர். வாரிங்டனின் மகன், தந்தையின் பெயரையே உடையவர், இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் இம்மாற்றத்தை மண்ணில் ஆராய்ந்து, அது இரு படிகளில் நிகழ்வதைக் காட்டினார்.

முதற்படியில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்குகின்றது. அதுவும் நஞ்சே, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கின்றது. இரண்டாம் படியில் வேறொரு வகை அதனைத் தீங்கு மிகக் குறைந்த நைத்திரேற்றாக்குகின்றது. இப்பற்றீரியாக்கள் மெதுவாகவே பெருகுவன. தொட்டி சமநிலை எய்த நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லலாம். இவை நீரில் மிதப்பன அல்ல; பெரும்பாலும் பரற்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன.

அமோனியாவின் கொடுமை எல்லா நீரிலும் ஒரே அளவினதன்று. 25 பாகை வெப்பத்தில், நடுநிலை நீரில், அதன் கொடிய வடிவம் நூற்றுக்கு அரைப்பங்கு அளவே. எஞ்சியது அமோனியமாக அடங்கிக் கிடக்கும். நீரின் பீ.எச். பெறுமானம் 7இலிருந்து 8 ஆக உயர்ந்தாலோ, அது நூற்றுக்கு ஐந்து பங்காகிவிடும். யாழ்ப்பாணத்தைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் மீன் வளர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து மூச்சுக்குத் தவித்தல், செவுள் சிவத்தல், செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு சோர்தல், இரையை மறுத்தல் ஆகியன இந்நஞ்சின் அறிகுறிகள். வேறு நோய்களிலும் இவை தோன்றக்கூடுமாதலால், கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவத்தின் நிறமாற்றத்தால் உறுதி செய்வது நலம். அமோனியா மிகுந்திருப்பின், ஓரிரு நாள் இரையை நிறுத்துக. நீரின் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றுக. புது நீர் பழைய நீரின் வெப்பத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். குழாய்நீரில் குளோரின் இருப்பின், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்தோ, சோடியம் தயோசல்பேற்றுச் சேர்த்தோ அதனை நீக்குக. காற்றூட்டலை இடைவிடாது நடத்துக. அமோனியா குறையும்வரை நாள்தோறும் சோதித்து, வேண்டியபோது மீண்டும் நீர் மாற்றுக.

இவ்விடத்திற் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. மீன் இறந்ததும் தொட்டியை முற்றாகக் கவிழ்த்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதிய மீன்களை விடுகின்றனர். அழுக்கென்று அவர்கள் களைந்தது, அரும்பாடுபட்டுக் குடியேறிய காவற்படையையே. அதனால் முன்னைய துயரம் மீண்டும் நிகழ்கின்றது. பஞ்சு அடைபட்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்ல அலசுவதே போதுமானது.

வருமுன் காப்பது இன்னும் எளிது. மீன் விடுவதற்கு முன்னரே தொட்டியை இயங்கவிட்டு, நாள்தோறும் சிறிதளவு இரையை இட்டுவந்தால், அது அழுகி எழும் அமோனியாவை உண்டு பற்றீரியா பெருகும். நோயற்ற பழைய தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சிற் சிறுதுண்டு கிடைத்தால் காலம் குறுகும். ஐதரில்லா போன்ற நீர்த்தாவரங்களும் அமோனியாவை உறிஞ்சி உதவும். அமோனியாவும் நைத்திரைற்றும் மறைந்தபின், இரண்டு மூன்று சிறு மீன்களுடன் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

புதுத் தொட்டி வந்த நாளிலேயே மீன் வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்பது இயல்பு. அவர்களுக்குச் சோதனைத் திரவத்தைக் கொடுத்து, நிறம் மாறுவதை நாள்தோறும் குறித்துவரச் செய்தால், காத்திருக்கும் காலமும் கல்வியாகும். தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல என்பதை அவர்கள் ஏட்டிலன்றிக் கண்ணாற் கண்டு அறிவார்கள். அதன்பின் அவர்கள் விடும் மீன் நெடுநாள் வாழும்.