தரைக்குள் ஒயின் சாடி

ஜார்ஜியா நாட்டின் கிழக்கே ககேத்தி என்றொரு பகுதி. அங்கே ஒயின் கூடத்துக்குள் நுழைந்ததும் பீப்பாய்களைத் தேடாதீர்கள். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும்தான் தெரியும். ஆளே உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவும் அளவுக்குப் பெரிய மண்சாடிகள், கழுத்துவரை புதைந்திருக்கும். பெயர் க்வெவ்ரி.

திராட்சைச் சாற்றோடு தோல், விதை, சில சமயம் காம்பையும் சேர்த்தே உள்ளே விடுகிறார்கள். நொதித்து அடங்கியதும் வாயை இறுக மூடி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். மற்றதை மண்ணின் குளிர்ச்சி பார்த்துக்கொள்ளும். வெள்ளைத் திராட்சை என்றாலும் நிறம் தேன்போல இருக்கும். முதல் மடக்கே துவர்க்கும். டிகாக்‌ஷன் தூக்கலாகக் கேட்பவர்களுக்கு இது பிடித்துப்போகும்! சிவப்பு வேண்டுமென்றால் 'சப்பெராவி' என்று கேளுங்கள்.

இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த பானை ஓடுகளில், ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைய ஒயினின் தடயம் இருந்தது.

போக நல்ல நேரம், அறுவடை நடக்கும் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஓட்டுநரோடு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். சுவைத்துவிட்டுத் துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடைசியில் 'சாச்சா' என்று ஒரு சின்னக் கிளாஸ் நீட்டுவார்கள். அது ஒயின் அல்ல; பிழிந்த சக்கையிலிருந்து வடித்த சாராயம். பார்த்துக் குடியுங்கள்.