கூழ்முட்டைக்குப் பேட்டைக் குறை சொல்ல வேண்டாம்

நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய மதிலில் ஏறி நின்று விடியற்காலையில் கூவுகிற கிழட்டுச் சேவலுக்கு அந்த வளவில் தனி மதிப்பு உண்டு. பருந்து சுற்றினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். மூன்று நான்கு வருடம் நின்ற சேவலை அறுக்க வீட்டுக்காரருக்கு மனம் வராது. அடை வைத்த 12 முட்டையில் நாலுதான் பொரித்தது என்றாலும் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பேடு ஒழுங்காக அடை கிடக்கவில்லை, இடி முழக்கத்தில் முட்டை கலங்கிவிட்டது என்றுதான் பேச்சு எழும்.

பேட்டைக் குறை சொல்லுமுன் சேவலின் வயதைக் கேட்க வேண்டும்.

ஊர்க்கோழிச் சேவல் ஐந்தாறு மாதத்தில் கூவத் தொடங்கிவிடும். ஆனால் அந்த வயதில் மூத்த பேடுகள் அதைக் கொத்தித் துரத்தும். ஏழெட்டு மாதமானால்தான் அதை நம்பி முட்டையை அடைக்கு எடுக்கலாம். அதிலிருந்து இரண்டு வயது வரை அதன் நல்ல காலம். பிறகு விந்தின் அளவு குறையும், விந்தணுக்களின் ஓட்டம் மந்தமாகும், பேட்டை அணையும் தடவைகளும் குறையும். இறைச்சிக் கோழிக் குஞ்சு உற்பத்திக்கான பெரிய தாய்க்கோழிப் பண்ணைகளில் 45 வாரத்தைத் தாண்டும்போதே கருக்கட்டல் இறங்குவதால், இடையில் இளம் சேவல்களைச் சேர்த்து விடுகிறார்கள். உடல் பாரம் குறைந்த ஊர்ச்சேவல் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் முதுமை அதையும் விடாது.

விந்து நன்றாக இருந்தாலும் கால் ஒத்துழைக்க வேண்டும். சேவல் ஒரு சிறகைத் தாழ்த்திப் பேட்டைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு பேட்டின் முதுகில் ஏறிச் சமநிலை தவறாமல் நிற்க வேண்டும். இரண்டின் கழிவாய்களும் ஒரு கணம் ஒட்டும்போதுதான் விந்து மாறுகிறது. மூட்டு நோவும் நீண்டு வளைந்த முள்ளும் உள்ள கிழட்டுச் சேவல் பாதியில் சறுக்கிவிடும். முள் கீறிய பேடு அடுத்த முறை ஓடிவிடும். ஆனால் சேவலின் கூவல் மட்டும் குறைந்திருக்காது, அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். இளம் சேவல் ஒன்று வளவில் நின்றாலும் பயன் குறைவு. தன்னால் இயலாவிட்டாலும் கிழடு அதைப் பேடுகளின் பக்கம் அண்ட விடாது.

தீவுகளில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்துக்குப் பண்ணைப் பாலத்தால் வாகனம் வருகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சேவலைக் கொண்டுவருவது சுலபம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். அதனால் வளவில் பொரித்த குஞ்சுகளே வளர்ந்து பேடாகி, அதே தகப்பன் சேவலோடு சேர்கின்றன. தகப்பனும் மகளும் சேர்ந்து வரும் குஞ்சில், மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு இரு பக்கத்திலும் ஒரே பிரதியாக அமைய வாய்ப்புண்டு. மறைந்து கிடந்த குறைகள் அப்போது வெளிப்படும். முட்டைக்குள்ளேயே கரு சாகும், பொரித்தவையும் நோஞ்சானாக இருக்கும். கிழட்டுச் சேவலை வைத்திருப்பவர் இந்த இரண்டு நட்டத்தையும் ஒன்றாகச் சுமக்கிறார்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு ரோச் லைட் போதும். அடை வைத்த ஏழாம் நாள் இரவு, பேட்டைக் குழப்பாமல் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பருத்த முனையை வெளிச்சத்தின் மேல் வையுங்கள். சிலந்தி போல நரம்பு ஓடி நடுவில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உண்டாகிச் செத்திருக்கிறது, இரத்த உறவையோ அடை குலைந்ததையோ யோசிக்கலாம். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் பெரும்பாலும் கருக்கட்டவேயில்லை. அப்படி வெறும் முட்டைகள் நிறைய இருந்தால் சேவலைத்தான் பார்க்க வேண்டும். அடை வைக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. சமையலுக்கு உடைக்கிற புது முட்டையின் மஞ்சள் கருவில் சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு. அதைச் சுற்றித் தெளிவான வளையம் இருந்தால் கருக்கட்டியது, சிறிய ஒழுங்கற்ற புள்ளியாகவே இருந்தால் கருக்கட்டாதது.

முடிவெடுக்குமுன் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் இளம் சேவலின் விந்தும் கெடும். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிப்பதால், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்துப் பொறுத்திருந்து மறுபடி பார்க்கலாம். மழை தொடங்கிய பிறகும் முட்டை வெறுமையாகவே இருந்தால் சேவலை மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது வேறு ஊர்ச் சேவலாகத் தேடுங்கள். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒன்று போதும். வந்தவுடன் கூட்டத்தோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக அடைத்து நோய் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதைச் சேர்த்த மூன்றாம் நாளிலிருந்தே கருக்கட்டிய முட்டை கிடைக்கலாம். ஆனால் பேட்டின் உடலுக்குள் சின்னக் குழாய்களில் விந்தணு இரண்டு, மூன்று வாரம் உயிரோடு தங்கும். பழைய சேவலின் வாரிசு கலக்கக் கூடாது என்றால், அதை அகற்றிய நாளிலிருந்து மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, அதன்பின் இடுபவற்றை மட்டும் அடைக்குச் சேருங்கள்.