ஏரி நீர் கடைமடை சேர...

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. கரையும் மதகும் செப்பனிடப்பட்ட பின்னும், பல ஊர்களில் கதிர் வரும் தருணத்தில் கடைமடைப் பயிர் காய்வதுண்டு. நீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாயும், வயலுக்குச் செல்லும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுக் கிடப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

முன்னாளில் ஊரார் கூடி இவற்றைச் சீர்செய்தனர். இதுவே குடிமராமத்து. வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்க, 1858ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. பின்னர் பராமரிப்பு அரசிடம் சென்றது, கிணறுகளும் பெருகின. ஊர்க்கட்டு தளர்ந்தது. ஆனால் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர் ஊறுவதும் ஏரி நிரம்பினால்தான் என்பதை மறக்கலாகாது.

பாசனதாரர் சங்கங்களுக்கு 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. குடிமராமத்துத் திட்டம் 2017இல் மீண்டும் தொடங்கியபோது, மதிப்பீட்டில் 10 சதவீதம் பாசனதாரரின் பங்காக வைக்கப்பட்டது. பணம் வந்து வேலை முடிந்தாலும், அதை ஆண்டுதோறும் காப்பது ஊராரின் கையில்தான் உள்ளது.

பாசனதாரர்கள் செய்ய வேண்டியவை:

1. ஆடி மாதத்திற்குள் கூட்டம் கூட்டி, புரட்டாசிக்குள் வரத்துக் கால்வாயைத் துப்புரவு செய்க. சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுக. வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும்.

2. வண்டல் எடுப்போர் கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, கரை பலவீனமாகும். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வாய்க்காலில் பாயாது.

3. மடை திறக்க எல்லோருக்கும் பொதுவான நீர்க்கட்டி ஒருவரை அமர்த்துக. அறுவடையில் அவருக்குரிய நெல்லைக் குறையாமல் அளந்து கொடுக்க வேண்டும்.

4. ஏரி பாதியே நிரம்பிய ஆண்டில், நாற்று விடுவதற்கு முன்பே சாகுபடிப் பரப்பை முடிவு செய்க. குறுகிய கால நெல் அல்லது உளுந்து ஏற்றது. முறை வைத்து நீர் பாய்ச்சுக.

5. சங்க நிர்வாகத்தில் கடைமடை விவசாயி ஒருவரேனும் இடம்பெற வேண்டும். வரவு செலவைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் படித்துக் காட்டுக.

தலைமடையில் இருப்பவர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட்டால், கடைமடையில் இருப்பவரின் நெல்லும் களம் வந்து சேரும். அடுத்த ஆண்டு கால்வாய் வெட்ட அவரும் மண்வெட்டியுடன் முன்வருவார்.