புரட்டாசிக் கணக்கு

புரட்டாசி பிறந்தால் பத்திரிகை வேலை படுத்துவிடும். கல்யாணம் இல்லாத மாதம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கும் எனக்கு வருஷத்தில் மூச்சு விட நேரம் கிடைப்பது இந்த மாதத்தில்தான். 2025இல் அந்த மூச்சுக்கும் ஒரு கெடு இருந்தது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அன்று புரட்டாசி 28. ஐப்பசி பிறக்க நான்கு நாள். அதற்குள் கடைக் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அப்படி எடுத்து வைத்ததன் கணக்கு இது. செலவான ரூபாயும் மணியும் ஒரு பக்கம், கண்டுபிடித்த ஓட்டைகள் மறுபக்கம்.

முதலில் சரக்கு எவ்வளவு என்று பார்ப்போம். கணினி 2018இல் பொருத்தியது. எட்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அதனால் 1 டிபி என்று வாங்கியது திரையில் 931 ஜிபி என்றுதான் தெரியும். அதில் நிரம்பியிருந்தது 412 ஜிபி. விண்டோஸும் மென்பொருள்களும் 58, சினிமாவும் பாட்டும் 171, வாடிக்கையாளர் வேலை 96, வீட்டுப் படங்களும் போனிலிருந்து இறக்கியவையும் 74, எதற்கு வந்தது என்றே தெரியாத டவுன்லோடு 13.

சினிமா போனால் திரும்பக் கிடைக்கும். விண்டோஸையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 96ம் 74ம் சேர்ந்த 170 ஜிபிக்கு மட்டும் உலகத்தில் வேறு இடம் கிடையாது. இப்படிப் பிரிக்கவே 9 மணி நேரம் ஆனது. மொத்த வேலையில் அதிக நேரம் தின்றது இதுதான். ஆனால் பிரிக்காமல் 412ஐயும் அப்படியே அள்ளியிருந்தால், ஒரு வருஷம் கழித்து எது முக்கியம் என்று எனக்கே தெரிந்திருக்காது.

170 ஜிபியை எதில் ஏற்றுவது? டிவிடி ஒன்றில் நிஜமாகப் பிடிப்பது 4.37 ஜிபி. அப்படியானால் 39 டிவிடி. இணையத்தில் ஏற்றலாம் என்றால், விநாடிக்கு 10 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் இடைவிடாமல் 40 மணி நேரம் ஓட வேண்டும். போனில் நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று கிடைப்பதை முழுக்க இதற்கே கொடுத்தால் 113 நாள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஒன்டிரைவ் தருவது 5 ஜிபி. என் சரக்கு அந்த ஐந்தைப் போல 34 மடங்கு. ஆகவே வெளியே தனியாக இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் வழி. 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன்: 4,750 வீதம் 9,500 ரூபாய். விண்டோஸ் நிறுவ 64 ஜிபி பென் டிரைவ் 480. யூபிஎஸ்ஸில் செத்துப் போயிருந்த பேட்டரியை மாற்ற 1,050. ஆக 11,030 ரூபாய்.

ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று வீட்டில் கேட்டார்கள். லட்சக்கணக்கில் ஹார்ட் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024இல் அந்த விகிதம் 1.57 சதவீதம். ஏறக்குறைய 64க்கு ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிஸ்க் ஒரே வருஷத்தில் போகும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் 4,000த்தில் ஒன்றுக்கு வந்துவிடும். 'தொடர்பில்லாத' என்ற சொல்லில்தான் இந்தக் கணக்கே நிற்கிறது. இரண்டும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்தால், தண்ணீர் வரும்போது இரண்டும் ஒன்றாக நனையும். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இதையே சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வெளியூரில். ஆயுத பூஜைக்கு வந்த தங்கை இரண்டாவது டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றிச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனாள். என் பிரதி இங்கே கெடிலம் ஆற்றங்கரையில், அவளிடம் இருப்பது அங்கே.

கடலூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2015இல் வெள்ளம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, டிசம்பர் 2இல் தென்பெண்ணை கரை மீறி ஓடியது. அந்த வெள்ளம் வடிந்த பிறகு என் கடைக்கு வந்தவர்களில் 23 பேர் கேட்டது பத்திரிகை அல்ல. "அண்ணே, எங்க அம்மா படம் உங்ககிட்ட இருக்குமா?" நினைவஞ்சலி அடிக்க வந்தபோது ஸ்கேன் செய்த படம். அசலைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது தண்ணீரில் போய்விட்டது. 23இல் 17 பேருக்குத் தேடி எடுத்துக் கொடுத்தேன். 6 பேருக்குக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆறு எங்கே போனது என்று பின்னால் பார்த்தேன். இரண்டு, படிக்க முடியாமல் போன சிடியில் இருந்தவை. நான்கு, 2019இல் நானே தொலைத்தவை.

2019 ஜனவரியில் இதே கணினியை விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாற்றினேன். சர்வீஸ் கடையில் சொன்னார்கள்: "சி-யை மட்டும்தான் ஃபார்மட் அடிக்கிறோம், டி-யில இருக்கிறது அப்படியே இருக்கும்." உண்மைதான், டி அப்படியே இருந்தது. ஆனால் டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி-க்குள் இருக்கிறது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று மூன்று மாத வேலையை டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன். 212 கோப்பு. மீட்டுத் தருகிறோம் என்ற இடத்தில் 14,000 ரூபாய் கொடுத்தேன். 131 வந்தது, பெயர் எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக. 81 போனது போனதுதான். நம் ஊரில் டி-யைத் தனிப் பெட்டி என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். சியும் டியும் ஒரே தட்டின் மேல் போட்ட இரண்டு கோடு. தட்டு நின்றால் இரண்டும் நிற்கும்.

தப்பு செய்வது ஃபார்மட் அடிப்பவர் மட்டும் அல்ல. 2018 அக்டோபர் 2இல் வெளியான விண்டோஸ் 10 1809 புதுப்பிப்பு, கோப்புறைகளை வேறு டிரைவுக்குத் திருப்பி வைத்திருந்த சிலரது பழைய இடத்தில் கிடந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13இல் மறுபடி விட்டது. பாதிப்பு 0.01 சதவீதம் என்று அவர்கள் சொன்னார்கள். பத்தாயிரத்துக்கு ஒன்று. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் கணினிகளை எண்ணினால் அந்தப் பத்தாயிரம் பெரிய எண் அல்ல.

இனி பிரதி எடுத்த கதை. பெட்டியின் முன்பக்கத் துளை யூஎஸ்பி 2.0. விநாடிக்கு 30 எம்பி வந்தால் அதிகம். பின்பக்கத்து நீலத் துளையில் 100 எம்பி வரை வரும். காகிதத்தில் அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது 2 மணி 50 நிமிடம் ஆனது. பெரிய கோப்பு ஒன்று ஓடும் வேகத்தில் சின்னக் கோப்பு ஆயிரம் ஓடாது. இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து 5 மணி 40 நிமிடம்.

முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். வாடிக்கையாளர் கோப்புகள் மூலத்தில் 61,412. பிரதியில் 61,397. பதினைந்து குறைகிறது. ஒன்பது, பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டியதால் நகலாகாதவை. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் கோப்புறைப் பெயரிலும் எழுதி, கோப்புப் பெயரிலும் எழுதும் என் பழக்கம். மீதி ஆறு, கணக்கு மென்பொருளான டேலி திறந்தே இருந்ததால் விட்டுப்போனவை. எண்ணியிருக்காவிட்டால் இந்த வருஷத்துக் கடைக் கணக்கு அந்த ஆறோடு போயிருக்கும்.

எண்ணிக்கை சரியானாலும் வேலை முடியவில்லை. திறந்து பார்க்க வேண்டும். 2007 முதல் 2025 வரை 19 வருஷம், வருஷத்துக்கு 20 கோப்பு, ஆக 380. வேறொரு கணினியில் பிரதியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். கோப்புக்கு ஒரு நிமிடம், 6 மணி 20 நிமிடம். 361 சரி. 3 கெட்டுப் போனவை. ஐந்தில் படத்தின் இடம் வெற்றுக் கட்டம், படம் வேறெங்கோ இருந்திருக்கிறது. மீதி 11இல் எல்லாம் இருந்தது, தமிழ் மட்டும் இல்லை.

இந்தப் பதினொன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் 247 எழுத்து. பழைய எழுத்துருவுக்குக் கிடைத்தது 256 இடம், அதில் பாதி ஆங்கிலத்துக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தமக்குத் தோன்றிய இடத்தில் தமிழை உட்கார வைத்தார்கள். பாமினி ஒரு மாதிரி, வானவில் ஒரு மாதிரி, 1999 சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் வேறு மாதிரி. பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறி நிற்கும். கணினிக்குத் தெரிந்தது அந்த ஐந்து குறிதான். அம்மா என்று வாசிக்க வைத்தது எழுத்துரு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக்கியது. அதற்கு முன்னும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை விடாத எங்களைப் போன்றவர்களிடம் அதற்குப் பின்னும், அடித்ததெல்லாம் இப்படித்தான் கிடக்கிறது.

கோப்பை மட்டும் எடுத்து எழுத்துருவை விட்டால் பாதியைத்தான் எடுத்திருக்கிறோம். என் கணினியில் 1,140 எழுத்துரு இருந்தது, எல்லாம் சேர்ந்து 112 எம்பி. 170 ஜிபிக்குப் பக்கத்தில் அது ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் 96 ஜிபியும் ஊமை. எழுத்துரு, தமிழ் விசைப்பலகை மென்பொருள், பேஜ்மேக்கர் சீரியல் எண் மூன்றையும் ஒரு கோப்புறையில் போட்டேன். சீரியல் எண்ணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வைத்தேன். மிகப் பழைய, மிக முக்கியமான 200 பத்திரிகைகளைப் பிடிஎஃப்பாகவும் மாற்றினேன். அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும்.

பழைய சிடி 26 இருந்தது. 19 முழுதாகத் திறந்தது, 4 பாதி, 3 திறக்கவே இல்லை. அதற்கு 4 மணி நேரம். எல்லாம் கூட்டினால் 25 மணி. மணிக்கு 100 ரூபாய் என்று என் உழைப்புக்குப் போட்டால் 2,500. 11,030உடன் சேர்த்து 13,530. 2019இல் 131 கோப்பை மட்டும் மீட்கக் கொடுத்தது 14,000.

மாற்றும் நாளன்று இரண்டு தடை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என் கணினியில் இருந்தது, ஆனால் பயாஸில் அணைந்து கிடந்தது. அதை இயக்கினேன். அடுத்தது, பழைய முறையில் பிரித்த டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். கோப்பு அழியாமல் மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தச் சில நிமிடத்தில் கரண்ட் போனால் கதை முடிந்தது. 1,050 ரூபாய் பேட்டரி அந்தச் சில நிமிடத்துக்காகத்தான். பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகே பொத்தானை அழுத்தினேன். மாட்டியபடியே இருக்கும் டிஸ்க் பிரதி ஆகாது. வைரஸ் வந்தால் அதற்கும் பரவும்.

எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினி வைத்திருப்பவர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது. அவர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பெறலாம். 30 டாலர், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். அப்படிச் சேமிப்பதை முழுப் பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். இலவசமாக 5 ஜிபிக்கு மேல் அதில் இடம் இல்லை.

பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக 10 நாள் தருகிறார்கள், பிறகு பழைய விண்டோஸ் கிடக்கும் கோப்புறை தானே அழிந்துவிடும். பத்து நாளும் தினம் இரண்டு பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஓர் அம்மா வந்தார். பெரியவன் கல்யாணப் பத்திரிகை இங்கேதான் அடித்தது, சின்னவனுக்கும் அதே மாதிரி, அதே வரிசையில் பெயர் வர வேண்டும் என்றார். 2008 கோப்பு. புது விண்டோஸில் பாமினி எழுத்துரு ஏறியிருந்தது, பெயர்கள் எல்லாம் தமிழில் நின்றன. சர்வதாரி வருடத்தை விசுவாவசு என்று மாற்றினேன். மண்டபம் மாறியது, மாப்பிள்ளை பெயர் மாறியது. சொந்தங்கள் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்க தெய்வத்திரு போடுங்கண்ணே, மாமியார் போன தை மாசம் தவறிட்டாங்க." அந்தப் பெயருக்கு முன்னால் கர்சரை வைத்து அடித்தேன்.